ஒரு வீட்டுக்கு ரெண்டு தடவை

ஆடி 1, வெள்ளி

இந்த டைரி சிமெண்டுக் கடைக்காரர் கொடுத்தது. முதல் பக்கத்தில் அவர் படம், கடைசிப் பக்கத்தில் மூட்டையின் படம் என்று மருமகள் பூங்கனி சொன்னாள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நான் பேசுவதை அப்படியே எழுதினால் படித்துப் பார்க்கிறவர்கள் தன்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள் என்று, புத்தகத்தில் இருப்பதுபோல் மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும். அடுத்தவர் பேசியதை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

எழுதச் சொன்னது என் மகன் செந்தூர்பாண்டி. மேலக்கரிசல் ஊராட்சிக்கு இரண்டு தடவை தலைவராக இருந்தவன். பிறகு பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். பூங்கனியை நிறுத்தி ஜெயிக்க வைத்தான். ஆக இப்போது தலைவர் பூங்கனி. ஆனால் தெருவில் யாராவது ‘தலைவரே’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவன் செந்தூர்பாண்டி. தீபாவளி முடிந்து மறுபடி தேர்தல் வருகிறது. இந்தத் தடவையும் பெண்களுக்குத்தான். பூங்கனிதான் நிற்கவேண்டும் என்று முடிவு செய்துவிட்டான்.

“நம்ம வீடு ஊருக்குச் செஞ்சதையெல்லாம் உங்க வாயால சொல்லுங்கப்பா. தேர்தல் மலர்னு புத்தகமா அச்சடிச்சு வீட்டுக்கு வீடு குடுப்போம். உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கு” என்றான்.

இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

ஆடி 2, சனி

வலது தோள் பிடித்துக்கொண்டு சித்திரையிலிருந்து விட மாட்டேன் என்கிறது. கை மேலே ஏறவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண், சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு ஊர்வதுபோல் மேலே நடத்தச் சொன்னாள். எட்டுகிற இடத்தில் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டுமாம். பூங்கனி கரித்துண்டால் கோடு போட்டாள். என் மூக்குக்கு நேரே இருந்தது.

பயிற்சி செய்வது ஆட்டுக்காகத்தான். மிச்சம் இருக்கிற இரண்டு ஆட்டுக்கும் அகத்திக் கொப்பு ஒடித்துப் போட முடியவில்லை.

ஆடி 5, செவ்வாய்

மலருக்கு என்று யோசித்தால் அணஞ்சபெருமாள்தான் முன்னால் வருகிறார். நான் வாலிபமாக இருந்த காலத்துத் தலைவர். மூன்று தடவை இருந்தார். அவரிடம் பச்சைக் கலர் சைக்கிள் ஒன்று உண்டு. முதல் தடவை ஜெயித்தபோது, எதிரே நான் ஆடு பத்திக்கொண்டு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். “மழையே இல்லையே, ஆட்டுக்கு என்ன செய்யுத?” என்பார். இரண்டாம் தடவை இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பேசினார். மூன்றாம் தடவை மணி அடித்தார். ஆடுகள் விலகவேண்டும் என்று.

நல்ல மனிதர். யாருடைய காசையும் தொட்டதில்லை. அப்படிப்பட்டவருக்கே கால் எப்போது தரையை விட்டுப் போனது என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்ததும் போய்விடுமா? கொஞ்சம் கொஞ்சமாகப் போகுமா? அவருக்கே தெரிந்திருக்குமா?

“இதை மலர்ல போட முடியாது மாமா” என்றாள் பூங்கனி. எழுதி முடித்த பிறகுதான் சொன்னாள்.

ஆடி 8, வெள்ளி

ஆவுடையப்பன் டீக்கடை.

“பாட்டையா, சங்கதி கேட்டியளா? ஒரு வீட்டுக்கு ரெண்டு தடவைதானாம்.”

“எது, டீயா?”

“தலைவர் பதவி. ரெண்டு தடவை இருந்துட்டா அந்த வீட்டு ஆளு மறுபடி நிக்கக் கூடாதாம். புருசனுக்கு அப்புறம் பொண்டாட்டி, அதுக்கப்புறம் மச்சினின்னு சுத்துத சோலியெல்லாம் கூடாதாம். ஆகஸ்ட் பதினஞ்சு கிராம சபையில கேக்கப் போறாவளாம்.”

“யாரு கேக்கப் போறா?”

“அது தெரிஞ்சா நான் ஏன் டீ ஆத்திக்கிட்டு இருக்கேன்? உங்க மகன்ட்ட சொல்லி ஒரு வீடு வாங்கியிருக்க மாட்டேனா?”

பெஞ்சில் இருந்த எங்கள் ஊர் லாரிக்காரன் ஒருவன் விடவில்லை. “நல்லாச் செய்யுதவன் எத்தனை தடவை இருந்தா என்னவே? வேலை பழகுனவன வீட்டுக்கு அனுப்பிட்டு, ஒண்ணுந் தெரியாதவனக் கொண்டாந்து உக்கார வைக்கணுமா?”

“வேலை பழகட்டும்வே. கூடவே நாற்காலியும்லா பழகிருது” என்றான் ஆவுடையப்பன். சொன்ன பிறகு என்னைப் பார்த்து, “உங்க வீட்டச் சொல்லல பாட்டையா” என்றான். டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டான்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே யோசித்தேன்.

ஆடி 9, சனி

செந்தூர்பாண்டி காதுக்கும் போய்விட்டது. சாப்பிடும்போது தட்டைத் தள்ளினான்.

“வீடு வீடாப் போயி யாரோ தூண்டி விடுதாவப்பா. மத்தியானம் ஆம்பளைங்க வேலைக்குப் போன நேரமாப் பாத்து. உங்கட்ட எல்லாரும் மறைக்காமப் பேசுவாவ. யாருன்னு விசாரிங்க.”

“தெரிஞ்சா என்ன செய்வ?”

“ஒண்ணும் செய்ய மாட்டேன். தெரிஞ்சுக்கிடணும்.”

அவன் அப்பா நான். தெரிந்துகொண்ட பிறகு அவன் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் சரி என்றேன். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. எதிர்க்கட்சிக்காரனா? நூறு நாள் வேலையில் பெயர் விட்டுப்போனவர்களா? தைரியமான ஆள் என்று மட்டும் தெரிகிறது.

இதைச் சொன்னபோது பூங்கனியின் பேனா கொஞ்சம் நின்றது. மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

ஆடி 12, செவ்வாய்

விசாரிக்கக் கீழத்தெருக் கடைசி வரைக்கும் போனேன். கடைசி வீடு மாடத்தியுடையது. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யார் தலைவராக ஜெயித்தாலும் பதவி ஏற்றுக்கொண்ட கையோடு கடைசித் தெருக் கடைசி வீட்டுக்கு நடந்தே போய், ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். யார் தொடங்கியதோ தெரியாது. மாடத்தியின் மாமியார் அணஞ்சபெருமாளுக்குக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மாடத்தி வாசலில் காலிக் குடங்களோடு உட்கார்ந்திருந்தாள்.

“என்ன அண்ணாச்சி, ஓட்டுக் கேக்கவா?”

“வயசான காலத்துல எனக்கு எதுக்கு ஓட்டு? சும்மா வந்தேன். தாகமா இருக்கு.”

“தாகம்னா நேரா பூங்கனி மஹாலுக்குப் போயிருக்கணும். அங்கதான் சுவரெல்லாம் தண்ணி குடிச்சிட்டு நிக்குது.”

பூங்கனி மஹால் என்பது செந்தூர்பாண்டி கட்டுகிற கல்யாண மண்டபம். மருமகள் பெயரைத்தான் வைத்திருக்கிறான். கீழத்தெருக் குழாயில் பங்குனியிலிருந்து தண்ணீர் இல்லை. மோட்டார் ரிப்பேர் என்று சொன்னார்கள். மண்டபத்துச் சுவருக்கு மட்டும் காலையும் சாயங்காலமும் தண்ணீர் அடிக்கிறார்கள். அடிப்பதும் அதே மோட்டார்தான்.

ஆனாலும் உள்ளே போய் அரைச் செம்பு கொண்டுவந்து கொடுத்தாள். தோட்டத்துக் கிணற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீர்.

“உங்க மகன் மொதத் தடவை ஜெயிச்சு வந்தப்போ செம்பு நிறையக் குடிச்சான். இன்னும் ஒரு செம்பு குடு பெரியம்மான்னு கேட்டான். எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிட்டு. ரெண்டாந்தடவை ஒதட்ட நனைச்சான். மருமவ ஜெயிச்சப்போ காருல இருந்து பாட்டில் தண்ணி எடுத்து என் வாசல்ல நின்னு குடிச்சிட்டு, போட்டோ எடுத்துட்டுப் போனான்.”

“பூங்கனி குடிச்சாளா?”

“அன்னிக்கு எங்க குடிக்க விட்டான்? போட்டோவுக்கு நிக்கச் சொன்னான், நின்னா. இப்பதான் வந்து…” என்றவள் சட்டென்று குடத்தை நகர்த்தி வைத்தாள். “கால்ல இடிச்சிராம போங்க அண்ணாச்சி.”

யார் வந்து பேசுகிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை. மறந்துவிட்டேன்.

ஆடி 15, வெள்ளி

எங்கள் தெரு கரிசல் மண். கீழத்தெரு செம்மண். வாசலில் பூங்கனியின் செருப்பு கிடந்தது. துடைக்காமல் விட்டிருக்கிறாள் என்று சொல்லி, நானே உதறி வைத்தேன்.

ஆடி 18, திங்கள்

பெருக்கு. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், வடை. மண்டபத்து மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் சேர்த்துப் பூங்கனிதான் சமைத்தாள். செந்தூர்பாண்டி என் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏதாவது தெரிஞ்சுதாப்பா?” என்று கேட்டான். “கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றேன். பொய் இல்லை.

மலருக்கு ஏதாவது சொல்லவேண்டுமே என்று ஆடுகளைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு காலத்தில் மந்தையே வைத்திருந்தேன். முன்னால் போகிற ஆட்டின் கழுத்தில் மணி இருக்கும். மணிச் சத்தத்தைக் கேட்டு மற்றவை பின்னால் வரும். வருடா வருடம் தை பிறந்ததும் மணியைக் கழற்றி வேறு ஆட்டுக்குக் கட்டிவிடுவேன். மற்ற மேய்ப்பர்கள் பைத்தியக்காரன் என்பார்கள். புதிதாக மணி கட்டிய ஆடு நாலு எட்டு வைத்தால் ஒரு தரம் திரும்பிப் பார்க்கும், மற்றவை பின்னால் வருகின்றனவா என்று. நாள் போகப் போகத் திரும்பிப் பார்ப்பது குறையும். பிறகு புல்லைக்கூடப் பார்க்காது. நேற்றுப் போன இடத்துக்கே இன்றும் போகும். தன் மணிச் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு நடக்கும். அந்தக் கட்டம் வருவதற்குள் நான் மாற்றிவிடுவேன்.

மணியைக் கழற்றினால் இரண்டு நாள் கத்தும். இரை எடுக்காது. பிறகு மற்ற ஆடுகளோடு சேர்ந்து மேயும். முன்னைவிட நன்றாகவே மேயும்.

பூங்கனி இதைக் கடைசிவரை எழுதிவிட்டு, “மணியக் கழத்தும்போது அது முட்டாதா மாமா?” என்று கேட்டாள்.

“முட்டும். வலிக்கத்தான் செய்யும்.”

ஆடி 20, புதன்

சுவரில் கோடு நெற்றிக்கு மேலே போய்விட்டது. இப்போதெல்லாம் காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று நேரமும் செய்கிறேன். பயிற்சிக்காரப் பெண் ஒரு நேரம் போதும் என்றுதான் சொன்னாள். ஆட்டுக்குக் கொப்பு ஒடிக்க வேண்டும் அல்லவா.

ஆடி 24, ஞாயிறு

அடுப்படியில் சத்தம். ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி செந்தூர்பாண்டி நின்றுகொண்டிருந்தான்.

“எதுக்குன்னு வாசிச்சுட்டுப் போடுதேன்.”

“இத்தன வருசமா வாசிச்சா போட்ட?”

“அதான் சொல்லுதேன்.”

“பூங்கனி, ஒரு கல்யாண மண்டபத்துக்கே உன் பேரு வச்சிருக்கேன்.”

“நான் கேட்டனா? மாடத்தி பெரியம்மா என்னை மஹாலுன்னுதான் கூப்பிடுதாவ. ‘வாட்டி மஹாலு’ன்னு.”

“மாடத்தியை நீ எப்பப் பாத்த?” என்று அவன் கேட்டான்.

நான் ஆட்டை அவிழ்த்துவிட்டுக் கத்தினேன். “எய்யா செந்தூரு, ஆடு ஓடுது, பிடி.” அவன் வெளியே ஓடினான். கிழட்டு ஆடு, எங்கே ஓடப் போகிறது. வாசலைத் தாண்டி நின்றுகொண்டிருந்தது. ஆனால் அதற்குள் பேச்சு போய்விட்டது.

ஆட்டைக் கட்டிவிட்டு என்னிடம் வந்தான். “ஊருல யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலையாப்பா?”

“தெரியலைய்யா.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் பார்ப்பான்.

ஆடி 27, புதன்

ஆவுடையப்பன் கேட்டான்: “பாட்டையாவுக்கு வலது கை ஏறாதுல்லா. சபையில எடது கையத் தூக்குனா கணக்குல சேப்பாவளா?” எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் வாக்குக் கொடுப்பது வலது கையால்தான். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

ஆடி 29, வெள்ளி

நாளைக்குக் கிராம சபை. பூங்கனி சாயங்காலம் வந்து தோளுக்குத் தைலம் தேய்த்தாள்.

“நாளைக்கு யாரு எந்திரிச்சுப் பேசுவா?” என்று கேட்டேன்.

“யாராவது பேசுவாவ மாமா.”

“நடுங்காமப் பேசணும். தொண்டை காய்ஞ்சிரும். ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு.”

“யார மாமா?”

“யாரு பேசுதாவளோ அவங்கள.”

தைலம் தேய்க்கிற கை நின்றது. பிறகு மறுபடி தேய்த்தாள், முன்னைவிட மெதுவாக.

“பேசினவள வீட்டுல வச்சுக்கிடுவாவளா மாமா?”

“எந்த வீட்டுலன்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க வீடா இருந்தா இருக்கச் சொல்லுவேன். வீடு இன்னும் என் பேருலதான் இருக்கு.”

ஆடி 31, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று சொல்கிறேன்.

ரேஷன் கடை முன்னால் பந்தல். கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். தலைவர் நாற்காலியில் பூங்கனி. பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு செந்தூர்பாண்டி. ஒன்றியத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். வரவு செலவு வாசித்து முடித்து, “வேற ஏதாவது உண்டா?” என்று கேட்டார். ஆவுடையப்பன் பாதி எழுந்து, வேட்டியைச் சரிசெய்வதுபோல் உட்கார்ந்துவிட்டான்.

பூங்கனி எழுந்தாள்.

“நான் ஒண்ணு கேக்கணும். ஒரு வீட்டுக்கு ரெண்டு தடவைக்கு மேல தலைவர் பதவி வேண்டாம். அதைத் தீர்மானமா எழுதணும்.”

“உக்காருட்டி” என்றான் செந்தூர்பாண்டி. மெதுவாகத்தான் சொன்னான். மைக் பக்கத்தில் இருந்ததால் ஊருக்கே கேட்டது.

அதிகாரி தொண்டையைச் செருமினார். “அம்மா, சட்டத்துல அப்படி ஒரு தடை கிடையாது. யாரு வேணாலும் எத்தனை தடவை வேணாலும் நிக்கலாம். வேணும்னா அரசாங்கத்துக்குக் கோரிக்கைன்னு எழுதலாம். இங்க கட்டுப்படுத்தாது.”

“எழுதுங்க சார். சட்டம் வாரப்போ வரட்டும். அதுவரைக்கும் ஊருக்கு ஒரு வாக்கு போதும்.” அவள் குரல் நடுங்கத்தான் செய்தது. “கீழத்தெருவுக்குப் பங்குனியில இருந்து தண்ணி இல்ல. மோட்டாரு நல்லாத்தான் ஓடுது. எங்க போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மொதத் தடவையா இருந்திருந்தா இவுக அப்படி விட்டிருக்க மாட்டாவ. ராத்திரியோட ராத்திரியா ஆளக் கூட்டிட்டு வந்து சரி பண்ணியிருப்பாவ. நான் பாத்திருக்கேன். எங்க வீட்டுல மூணு தடவை ஆயிட்டு. இனி நான் நிக்கல. எங்க வீட்டுல யாரும் நிக்கல. எந்த வீடா இருந்தாலும் ரெண்டு தடவை. சம்மதம்னா கையத் தூக்குங்க.”

செந்தூர்பாண்டி எழுந்து நின்றான். வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தான். அவன் பார்க்கப் பார்க்கத் தலைகள் குனிந்தன. ஒருவருக்கு வீடு, ஒருவருக்குப் பட்டா, ஒருவருக்கு நூறு நாள் வேலை. எல்லாக் கைகளும் மடியிலேயே கிடந்தன. பூங்கனி தனியாக நின்றாள்.

இவ்வளவு பேரும் டீக்கடையில் பேசினவர்கள்தான். கை தூக்குவது இத்தனை கனமான வேலையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தூக்கிப் பார்த்தால்தானே தெரியும்.

மூக்குக்கு நேரே சுலபமாக வந்தது. நெற்றிவரைக்கும் வலியோடு வந்தது. சுவர் இல்லாததால் விரலுக்குப் பிடிமானம் இல்லை, அங்கேயே நின்றுவிட்டது. இடது கையால் முழங்கையைத் தாங்கி மேலே தள்ளினேன். காதைத் தாண்டியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தோள் வலியால்தான்.

பின்னாலிருந்து மாடத்தி சொன்னாள்: “அண்ணாச்சிக்கு கை ஏறிட்டே.”

சொன்னவள் தன் கையையும் தூக்கினாள். அவள் பக்கத்தில் இருந்தவள். அதற்குப் பக்கத்தில். பிறகு லாரிக்காரன், எதிர்த்துப் பேசினவன் அவன்தான், ஏன் தூக்கினான் என்று கேட்கவேண்டும். கடைசியாக ஆவுடையப்பன் இரண்டு கையையும் தூக்கினான்.

செந்தூர்பாண்டி என் முன்னால் வந்து நின்றான்.

“அப்பா, கைய எறக்குங்க.”

“ஏத்துறதுக்கே ஒரு மாசம் ஆச்சுய்யா. எறக்க இன்னும் படிக்கல.”

பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை மேலேயே இருந்தது.

கூட்டம் கலைந்ததும் பூங்கனி மண்டபத்துக்குப் போகிற வால்வை அடைக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வராமல் கீழத்தெருவுக்கு நடந்தாள். மாடத்தி வீட்டு வாசலில் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாளாம். பதவிக்கு வரும்போது குடிப்பதுதான் வழக்கம். இனி பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடித்தது இவள்தான் முதல். “மஹாலு, இனி உன்னை எப்படிக் கூப்பிட?” என்று மாடத்தி கேட்டாளாம். என்ன பதில் சொன்னாய் என்று கேட்டால் பூங்கனி சொல்ல மாட்டேன் என்கிறாள். எழுதவும் மாட்டாளாம்.

ஆவணி 2, செவ்வாய்

செந்தூர்பாண்டி மண்டபத்திலேயே படுக்கிறான். இரண்டு நாளாக வீட்டில் சாப்பிடவில்லை. பூங்கனி தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்பினாள். முதல் நாள் அப்படியே திரும்பி வந்தது. நேற்று பாதி வந்தது.

மலர் கிடையாது. ஆனாலும் சொல்வதைச் சொல்லுங்கள் மாமா, தாள் நிறைய இருக்கிறது என்கிறாள்.

ஆவணி 4, வியாழன்

ஆட்டுக்கு நானே அகத்திக் கொப்பு ஒடித்தேன்.

காலையில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது செந்தூர்பாண்டியின் மோட்டார் பைக் சத்தம் கேட்டது. வழக்கமாக ஹாரன் அடித்துக்கொண்டே போவான். இன்று கடை முன்னால் வந்து நின்றது. இன்ஜினை அணைத்தான்.

“கை வலிக்காப்பா?” என்று கேட்டான்.

“ராத்திரியில கொஞ்சம்.”

“தைலம் இருக்கா?”

“இருக்கு.”

ஆவுடையப்பன் எதுவும் கேட்காமல் டீ ஆற்றத் தொடங்கினான். செந்தூர்பாண்டி வண்டியிலேயேதான் உட்கார்ந்திருந்தான். ஆனால் ஒரு கால் தரையில் ஊன்றியிருந்தது. நான் டீயைக் குடிக்காமல் மற்றக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.